ஸ்கொட்லாந்துக்கு நான் சமைக்க வரமாட்டேன்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில் அப்போது குடியிருந்தோம். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. கணவர் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தாள். நடுவிலானுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி. கடைக்குட்டிக்குப் பால்பல் விழுகிற வயது.

ஜேர்மன்காரருக்கு ஜனவரி பிறந்தால், வெளியே பனி கொட்டினாலும், மனம் முழுக்கக் கோடை விடுமுறைதான். 'உர்லாப்' என்று அவர்கள் சொல்லும் அந்த வருடாந்த லீவை அப்போதே கேட்டு வைத்துவிட வேண்டும். பிந்தினால் நல்ல கிழமைகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். அதனால் ஜனவரி முழுக்க எங்கள் சலவை அறையில் ஒரே பேச்சுத்தான். ஒருத்தி ஸ்பெயின் என்பாள், இன்னொருத்தி டென்மார்க் கடற்கரை என்பாள். என் முறை வரும்போது நான் ஒரு வருஷம் லண்டன் என்பேன், மறு வருஷம் பாரிஸ் என்பேன். "அடேயப்பா, பெரிய பெரிய நகரங்களாகப் பார்க்கிறாயே!" என்று வாயைப் பிளப்பார்கள்.

நான் பார்த்த லண்டன் எது தெரியுமா? என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாளின் குசினி யன்னலுக்கு வெளியே தெரிகிற பக்கத்து வீட்டுச் சுவர். பாரிஸ் என்றால் கணவரின் தம்பி வீட்டில், ஐந்தாம் மாடியில், ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய சமையலறையில் நானும் அவர் மனைவியும் மனைவியின் தங்கையுமாக மூன்று பெண்கள் நின்றது. எங்கள் ஆட்களுக்கு லீவு என்றால் சொந்தக்காரர் வீடு. சொந்தக்காரர் வீடு என்றால் சமையல். போய் இறங்கிக் கை கால் கழுவியதும் பெண்கள் உள்ளே போய்விடுவோம். காலையில் புட்டு, மத்தியானம் சோறும் இறைச்சியும், பின்னேரம் வடை, இரவுக்கு இடியப்பம். ஆண்கள் முன்னறையில் சீட்டுக் கடுதாசி விளையாடுவார்கள், நாட்டு நிலைமை கதைப்பார்கள். பிள்ளைகள் வீடியோ பார்ப்பார்கள். கடைசி நாள் பின்னேரம் அவசர அவசரமாக ஒரு பாலத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வழிக்குச் சாப்பாடு கட்ட ஓடி வருவோம். இது குறை சொல்வதற்காக அல்ல. வேறு மாதிரி ஒரு லீவு இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஜனவரியில் என்னோடு விரிப்புகள் மடிக்கிற ஜேர்மன் பெண்மணி ஒரு விளம்பரப் புத்தகம் கொண்டு வந்து காட்டினார். ஸ்கொட்லாந்து நாட்டுப்புறத்தில் வாடகைக்கு விடுகிற பண்ணை வீடுகள். அவர் பிள்ளைகளோடு இரண்டு தரம் போய் வந்தவர். "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் போகிறோம்" என்றார். ஒரு பக்கத்தில் வெள்ளை வீடு ஒன்று. பின்னால் பச்சையாக ஒரு மலை. முன்னால் ரோட்டின் நடுவில் செம்மறி ஆடு ஒன்று தன் பாட்டுக்கு நிற்கிறது. அந்தப் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. எனக்கு அந்த வீட்டின் மீது ஆசை வந்ததே அதனால்தான்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். பிள்ளைகள் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நடுவிலான் கேட்டான்:

"அம்மா, இது ஆரின்ரை வீடு?"

"எங்களுக்குத் தெரியாத ஆக்களின்ரை."

"அங்கை எங்கடை மாமா, சித்தப்பா ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

அவன் படத்தைத் தன் பக்கம் இழுத்தான். "அப்ப நாங்கள் ஆரைப் பாக்கப் போறம்?"

பாவம், அவன் கேட்டதில் பிழையில்லை. போகிற இடத்தில் கதவைத் திறந்து "வாங்கோ, வாங்கோ" என்று சொல்ல ஒரு ஆள் இல்லாத பயணத்தை அவன் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை. "மலையைப் பாக்கப் போறம்" என்றேன். கடைக்குட்டி உடனே "ஆட்டையும்" என்றாள்.

கணவர் முதலில் சிரித்தார். "காசு குடுத்து ஆடு பாக்கப் போறதோ? உமக்கென்ன விசரே?" என்றார். ஆனால் அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. வரைபடத்தை விரித்தால் மனிதர் மயங்கிவிடுவார். மூத்தவள் அதை நன்றாக அறிந்தவள். பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து, ஹொலண்டிலிருந்து கப்பலில் காரை ஏற்றி, இங்கிலாந்தின் வடக்கே இறங்கி, அங்கிருந்து மேலே மேலே போகிற ரோட்டை விரலால் காட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டார். அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், விஷயம் முடிந்தது என்று.

எங்களிடம் அப்போது அகதிகளுக்குக் கொடுக்கிற நீல நிறப் பயணப் புத்தகம்தான். இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அதில் போட்டிருக்கும். விசாரித்துப் பார்த்ததில், லண்டனுக்குப் போலவே ஸ்கொட்லாந்துக்கும் விசா தேவையில்லை என்று தெரிந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். நானும் ஏறிக் குதித்திருப்பேன், கட்டில் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. குசினிச் சுவரில் பெரிய வரைபடம். மூத்தவள் பண்ணைக்காரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். பதில் வந்தது: ஆறு பேர் படுக்கலாம், வந்து சேருங்கள், வீட்டு நாய் கடிக்காது. நடுவிலான் அங்கே ஓநாய் இருக்கிறதா என்று நூலகத்தில் போய்ப் பார்த்து, இல்லை என்று அறிந்து ஏமாந்து போனான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிள்ளைகளுக்குப் பழைய றப்பர் பூட்ஸ் வாங்கினோம். கடைக்குட்டி அதைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள். மலை ஏறப் பழகுகிறோம் என்று மூன்றும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு எங்கள் மாடிப்படிகளில் ஏறி இறங்கியதில், கீழ் வீட்டுக்காரர் வந்து மணி அடித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது. தன்னுடைய மழைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "அங்கே மழை பக்கவாட்டாகப் பெய்யும்" என்று கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

லண்டனுக்கு நாங்கள் எப்போதும் பஸ்ஸில்தான் போய் வந்தோம் என்பதால், கணவருக்கு இடது பக்கம் கார் ஓட்ட வேண்டுமே என்று ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டியிருக்கும்போது சுப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடிப் பழகினார். நான் பக்கத்து இருக்கையில் இருந்து "இடது! இடது!" என்று கத்த வேண்டும். கத்துவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

நான் என்ன கற்பனை செய்தேன் என்றால், ஒரு பாண் துண்டில் பட்டரைப் பூசிச் சாப்பிட்டுவிட்டு, காலையிலேயே பிள்ளைகளோடு வெளியே போய்விட வேண்டும். பானை கழுவுவதற்காகத் திரும்பி வரக் கூடாது. கல்யாணம் செய்த நாளிலிருந்து எனக்கென்று நான் ஆசைப்பட்ட முதல் விஷயம் அது. சலவை அறையில் சூடான விரிப்புகளை மடித்துக்கொண்டு அந்த மலையை நினைத்தால், அந்த ஆவிக்குள்ளும் எனக்குக் குளிர்காற்று வீசும்.

இப்படி எல்லாம் வாய்த்து வந்த நேரத்தில்தான் என் கணவர் தன் வாயைத் திறந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் "சாப்பிடுங்கோவன்" என்று கேட்காமல் இருக்க முடியாது. வந்தவரும் "இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன்" என்று சொல்லாமல் இருக்க முடியாது. பானையில் ஒரு பிடி சோறுதான் இருக்கும். வந்தவருக்குப் பசி உயிர் போகும். ஆனாலும் இரண்டு பக்கமும் தங்கள் வசனத்தைச் சொல்லிவிட்டால் மரியாதை நிறைவேறிவிடும். பயணத்துக்கும் அப்படித்தான். "நாங்கள் இன்ன இடத்துக்குப் போறம், நீங்களும் வாங்கோவன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் "பாப்பம், பாப்பம்" என்று சொல்ல வேண்டும். "பாப்பம்" என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம். பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

வழக்கமான ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் கணவர் லண்டன் அக்காவிடம் எங்கள் பயணத்தைச் சொன்னார். பிரித்தானியாவுக்குள் கால் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போகாமல் மேலே போகிறோமே என்று அவருக்கு ஏற்கனவே உறுத்தல். அந்த உறுத்தலில், "நீங்களும் வாங்கோவன் அக்கா" என்றார்.

நான் பாத்திரம் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய முகம் சிரித்தபடியே உறைந்து போனது.

"ஓமோ? ஓம் ஓம்... நல்லது அக்கா... ஓம், சந்தோசம்தானே" என்று சொல்லித் தொலைபேசி வாங்கியை வைத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"வருகினமாம்."

மச்சாள், அவர் புருஷனாகிய அத்தான், நான்கு பிள்ளைகள். அதோடு நிற்கவில்லை. மச்சாளும் அதே பழக்கத்தில் ஊறியவர்தானே. பாரிஸ் தம்பியிடம் தொலைபேசியில் சொல்லி, "நீங்களும் வாங்கோவன்" என்றிருக்கிறார். தம்பிக்கு அப்போதுதான் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கைக்கு வந்திருந்தது. அதை எங்கேயாவது ஒரு எல்லையில் காட்டிப் பார்க்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அவரும் "வாறம்" என்றுவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தங்கையும் கூட.

ஆறு பேருக்கான வீடு!

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. பாத்திரத் துண்டை மேசையில் எறிந்தேன். "இனி நான் ஏன் ஸ்கொட்லாந்துக்கு வரவேணும்? இஞ்சையே நிண்டு சமைக்கலாம்தானே! இஞ்சை அடுப்பாவது எனக்குப் பழக்கம்" என்றேன். பிள்ளைகள் மெல்ல அறைக்குள் நழுவிவிட்டார்கள்.

"நான் என்ன செய்ய? ஒரு வார்த்தைக்குத்தானே கேட்டனான்" என்றார் அவர்.

"நீங்கள் கடுதாசி விளையாடுவியள். நான் அந்த மலையைக் குசினி யன்னலாலை பாக்கிறதோ?"

அவருக்கும் சுருக்கென்றது. "நானும் வருஷம் முழுக்க அடுப்படியிலைதானே நிக்கிறன். எனக்கும் லீவு வேண்டாமோ?"

"வேணும். உங்களுக்கு லீவு எண்டு ஒண்டு இருக்குது. எனக்கு?"

அவர் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சண்டைக் குரலில் அல்ல, வேறு ஒரு குரலில் சொன்னார்: "ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு நாங்கள் மூண்டு சகோதரமும் ஒரு கூரைக்குக் கீழை நிண்டதில்லை. ஒராளுக்குப் பேப்பர் சரிவந்தால் மற்றாளுக்குச் சரிவராது. இந்த வருஷம்தான் எல்லாருக்கும் சரிவந்திருக்குது."

அது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்கு மேல் சண்டை பிடிக்க எனக்கு நா வரவில்லை. ஆசை மட்டும் போகவில்லை. என் ஆசையும் நியாயம், அவருடைய ஆசையும் நியாயம். யாரை நோவது?

ஒரு குறுக்கு வழி தோன்றியது. பண்ணைக்காரியிடம் நாங்களே போன் பண்ணிக் கேட்போம். ஆறு பேருக்கு மேல் ஏலாது என்று அவர் சொல்லிவிட்டால் பழி எங்கள் மேல் விழாது. வெள்ளைக்காரருக்குச் சட்டம் என்றால் சட்டம்தானே! மறுநாள் பின்னேரம் மூத்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படித்த ஆங்கிலம், படிக்காத ஆங்கிலம் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு, தொலைபேசி எண்களை அழுத்தினேன். எங்கள் குடும்பம் கொஞ்சம் பெருத்துவிட்டது என்று சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு நாய் குரைப்பது கேட்டது. வாங்கியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மறுக்கப் போகிறார், மறுக்கப் போகிறார்.

அவர் சிரித்தார். நல்ல தடித்த, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. ஆட்டுக்குக் கம்பளி வெட்டுகிற காலத்தில் வேலைக்காரர் வந்து தங்குகிற நீளக் கொட்டகை ஒன்று முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம். கட்டில்களும் இருக்கின்றனவாம், பெரிய அடுப்பும் இருக்கிறதாம். அந்தக் கிழமையில் அது சும்மாதான் கிடக்கும். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு பிள்ளைகளின் சத்தத்தை இந்தப் பள்ளத்தாக்கு கேட்டு எவ்வளவோ காலம் என்றார். எங்களுக்கு எந்த அளவுப் பானை வேண்டும் என்றும் கேட்டார்.

பானை!

மூத்தவள் துள்ளிக் குதித்தாள். நான் வாங்கியை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண் காட்டிய அந்த அன்பு அன்றைக்கு எனக்கு விலங்கு மாட்டியது போல இருந்தது.

அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த நாள் கணவர் வேலைக்குப் போனதும் லண்டனுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மச்சாளோடு தனியாக நான் தொலைபேசியில் கதைத்ததே இல்லை. வாங்கி எப்போதும் அவருடைய தம்பியிடம் இருந்து எனக்குக் கடைசியில் ஒரு நிமிஷத்துக்கு வரும். சுகமோ, சுகம். பிள்ளைகள் சுகமோ, சுகம். அவ்வளவுதான். அதோடு மச்சாளின் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. தாய் நோயாளியாக இருந்த காலத்தில் தம்பிமார் இருவரையும் கையில் தூக்கி வளர்த்தவர். அப்படிப்பட்டவரிடம் போய் நான் சொல்லப் போவது என்ன?

"மச்சாள், ஸ்கொட்லாந்து விஷயம்..." என்று தொடங்கினேன்.

"ஓம், சொல்லும். அரிசி இஞ்சை இருந்து நான் கொண்டு வாறன். கறித்தூளை நீர் கொண்டு வாரும்."

அரிசி, தூள் என்று கேட்டதும் எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

"மச்சாள், கோவிக்கப்படாது. நான் வருவன். ஆனா நான் சமைக்க வரமாட்டன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் அடுப்பில் ஏதோ கொதிப்பது மட்டும் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்த நேரம் மச்சாள் கேட்டார்:

"நான் ஏன் 'ஓம், வாறன்' எண்டு சொன்னனான் எண்டு தெரியுமோ உமக்கு?"

"தெரியாது மச்சாள்."

"தம்பி சொன்னான், அங்கை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை, கடையும் கிட்ட இல்லை எண்டு. எனக்கு உடனை தோன்றினது, அப்ப ஒருத்தரும் வரமாட்டினம், நான் ஒருத்தருக்கும் சமைக்கத் தேவையில்லை எண்டு. பிறகு நானே வாய் வைச்சு பாரிஸ்காரரையும் கூப்பிட்டுத் துலைச்சிட்டன். ரெண்டு நாளாய் என்னை நானே பேசிக்கொண்டு நிக்கிறன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க நிற்கவில்லை. தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு நாட்டில் நின்று கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மச்சாள் தன் பழைய அதிகாரக் குரலுக்கு வந்தார். "என்ரை தம்பிமார் ரெண்டு பேரும் என்ன வேலை செய்யிறாங்கள்?"

"சமையல்."

"ஒருத்தன் ஜேர்மன்காரனுக்குச் சமைச்சுப் போடுறான். மற்றவன் பிரெஞ்சுக்காரனுக்குச் சமைச்சுப் போடுறான். கூடப்பிறந்தவளுக்கு ஒரு கோப்பை சோறு போட்டவங்களோ? நீர் ஒண்டும் கதையாதையும். நான் பாத்துக்கொள்ளுறன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்த கணவர், உணவகத்துக்கே அக்கா போன் எடுத்துவிட்டதாகச் சொன்னார். முகத்தில் அசடு வழிந்தது. "இஞ்சரும், அங்கை நானும் தம்பியும்தானாம் சமையல். அத்தான் வெங்காயம் உரிக்கிறதாம், கோப்பை கழுவுறதாம். அக்கா சொல்லிப்போட்டா" என்றார். நான் எதுவும் தெரியாதவள் போல "அப்பிடியோ?" என்றேன்.

முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், பிறகு தம்பியோடு தொலைபேசியில் இறங்கிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து என்ன சமைப்பது, யார் எதில் வல்லவன் என்று ஒரே வாக்குவாதம். "உன்ரை சோஸும் நீயும்! நான் வைக்கிற ஆட்டுக்கறிக்குக் கிட்ட வருமோ?" என்று இவர் கத்துவார். தம்பியோடு அவர் அப்படிச் சிரித்துக் கத்தியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உணவகத்திலிருந்து தன் சொந்தக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து பயணப் பையில் வைத்தார்.

கோடை வந்தது. கார் கப்பலில் ஏறியது. நடுவிலான் தளத்தில் நின்று கடலுக்கெல்லாம் கை காட்டினான். கணவர் இடது பக்கமாக, வேர்க்க வேர்க்க, ஆனால் பிழையில்லாமல் ஓட்டினார். நானும் வழி முழுக்கக் கத்தினேன். கடைசி வளைவில் ரோட்டின் நடுவில் உண்மையாகவே செம்மறி ஆடுகள் நின்றன. காருக்குள் எழுந்த கூச்சலில் அவை பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

பாரிஸ் கார் எங்களுக்கு முன்னமே வந்துவிட்டது. லண்டன் வாகனம் பின்னேரம் வந்து சேர்ந்தது. முற்றத்தில் மூன்று சகோதரமும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். யாரும் அழவில்லை. மச்சாள் இளைய தம்பியின் தலையை உச்சியிலிருந்து பிடரி வரை தடவி, "மயிரெல்லாம் கொட்டிப்போச்சடா" என்றார். அவ்வளவுதான். நான்தான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். பண்ணைக்காரி நல்ல உயரமான மனுஷி. சேற்றுப் பூட்ஸோடு வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார். கொட்டகை வாசலில் பெரிய பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை ஆண்கள் மூவரும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். பெண்கள் நாங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வெளிக்கிட்டோம். மச்சாள் தன் மகனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் பண்ணைக்காரி கொடுத்த றப்பர் பூட்ஸோடு வந்தார். முழங்கால் நோ உள்ளவர். கல் மதிலுக்கு மேலாக ஏறிக் கடக்கிற மரப்படியில் நின்று, "ஐயோ மாதாவே" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, மறுபக்கம் குதித்தே விட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்கள் முன்னால் ஓட, பாரிஸ்காரிகள் இருவரும் அவர்களைத் துரத்திக்கொண்டு போக, நானும் மச்சாளும் பின்னால் மூச்சு வாங்க வாங்க நடந்தோம்.

பாதி மலையில் புல்லில் அமர்ந்தோம். கீழே வெள்ளை வீடு கையகலமாகத் தெரிந்தது. கொட்டகைப் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. காற்று திரும்பியபோது மெல்லக் கறி மணந்தது. எங்களுக்குச் சம்பந்தமில்லாத கறி மணம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். இடது கன்னத்தில் குழி விழும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அத்தனை வருஷமும் ஒரே குசினியில் முதுகோடு முதுகு முட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம், இப்படி முகத்துக்கு முகம் இருந்ததில்லை.

மச்சாள் புல்லைக் கிள்ளிக்கொண்டு கேட்டார்: "இஞ்சரும், எத்தினை வருஷமாய் நாங்கள் சேர்ந்து சமைக்கிறம். உமக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டு எனக்குத் தெரியாது. என்ன விருப்பம் உமக்கு?"

நான் உடனே வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கணவருக்கு நண்டுக் குழம்பு. மூத்தவளுக்கு நூடில்ஸ். நடுவிலானுக்கு முட்டைப் பொரியல். கடைக்குட்டிக்குப் பருப்பும் நெய்யும். பாரிஸ் தம்பிக்கு உறைப்புக் கூட வேண்டும், அத்தானுக்குப் புளி ஆகாது. எல்லாம் விரல் நுனியில் நின்றன. எனக்கு? யோசித்துக்கொண்டே இருந்தேன். தேடத் தேட மற்றவர்களின் சாப்பாட்டுக் கோப்பைகள்தான் கண்ணுக்கு வந்தன.

"தெரியேல்லை மச்சாள்" என்றேன். குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. "உங்களுக்கு?"

அவர் மலையைப் பார்த்தார். "எனக்கும் தெரியேல்லை" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து பிள்ளைகள் "அம்மா! மாமி! இஞ்சை வாங்கோ, மற்றப் பக்கமும் மலை!" என்று கத்தினார்கள். எழும்பி இரண்டு பேரும் கையைப் பிடித்தபடியே ஏறினோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போய் வந்துவிட்டோம், எத்தனையோ பேர் எங்கள் வீட்டுக்கும் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். வருகிற பெண்ணிடம், அடுப்பில் பானையை வைப்பதற்கு முன், உமக்கு என்ன விருப்பம் என்று நான் கட்டாயம் கேட்பேன். அவருக்கு எது பிடிக்கும், பிள்ளைகள் எதைச் சாப்பிடும் என்று மளமளவென்று சொல்லத் தொடங்குவார்கள். அவர்களை நிறுத்தி, உமக்கு, உமக்கு என்று மறுபடியும் கேட்கும்போது அந்த முகங்களில் இன்றைக்கும் ஒரு திகைப்பு வருகிறது. பதில் வரும்வரைக்கும் நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.